இடது கைக்கு ஒரு கத்தி

சிங்கப்பெருமாள் கோயில் வருவதற்குள் கலிவரதன் கேடயத்தை அழித்துவிட்டான். பென்சிலால் எழுதியதுதான், ரப்பரும் நல்ல ரப்பர்தான், ஆனாலும் அழுத்தி எழுதிய தடம் தாளில் நின்றது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் இன்னும் படிக்கலாம். நிற்கட்டும். அந்தக் கட்டத்தில் இப்போது குறுவாள் என்று எழுதவேண்டும், இடது கைக்கு. வலது கைக்கு வாள் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. எழுதப்போனவன், ரயில் நிற்கட்டும், ஆடுகிற ஆட்டத்தில் எழுத்து கோணிக்கொண்டு போகும் என்று பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். ரயில் நின்றது. எழுதவில்லை. மறுபடி கிளம்பியது. விளையாட்டுதான், வேறொன்றுமில்லை. நாற்பத்தொரு வயது மனிதன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறி கோடம்பாக்கம் வரை போவது விளையாடுவதற்காக என்று சொன்னால் சீட்டாட்டம் என்று நினைப்பார்கள். சீட்டாட்டத்துக்காவது ஊரில் ஒரு மரியாதை உண்டு. இது சீட்டும் இல்லை. ஒரு மேஜை, நாலு பேர், சில பகடைகள், மிச்சமெல்லாம் வாய். ஃபெலிக்ஸ் கதை சொல்வான். அவனுக்கு நடத்துநர் என்று பெயர், டிக்கெட் கிழிப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மற்ற மூன்று பேரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு ஆளாக இருப்பார்கள், அந்த ஆளின் பலமும் ஆயுதமும் வித்தையும் ஒரு தாளில் எழுதியிருக்கும். "குகைக்குள்ள ஏதோ மூச்சு விடுது. என்ன பண்றீங்க?" என்பான் ஃபெலிக்ஸ். பண்ணப்போவதைச் சொல்லிவிட்டுப் பகடையை உருட்டவேண்டும்; பலித்தால் பலித்தது, இல்லாவிட்டால் விதி. ஷம்ஷாத் அதில் வைத்தியம் பார்க்கிறவள். பிரகலாதன் மந்திரவாதி. கலிவரதன் போர்வீரன், கேடயக்காரன், வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறவன். மூன்று வருஷமாக நின்றான். பந்திக்கு முந்து படைக்குப் பிந்து என்பது ஊர் வழக்கம். இவனுக்கு அது தலைகீழ். வேங்கையன் என்று நல்ல பேராகத்தான் அந்த வீரனுக்கு வைத்திருந்தான், ஆனால் மேஜையில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கதவு என்பார்கள். கதவு எங்கே, கதவை அங்கே வை. ஆசையாகத்தான் சொன்னார்கள். ஆசையாகத்தான் சொன்னார்கள் என்று அவன் இப்போது மறுபடியும் தனக்குச் சொல்லிக்கொண்டான், ஒருவர் ஒரு விஷயத்தை எத்தனை தரம் தனக்கே சொல்லிக்கொள்கிறார் என்பதிலிருந்து அதன் லட்சணம் தெரியும் என்பது தெரியாதவன்போல.

கணக்குக்கு வருவோம். கணக்கு நல்லது, கணக்கு திரும்பிக் கேள்வி கேட்காது. இரட்டைக் கத்தி என்றால் பார்க்கப் பெரிய வீராப்பாகத் தெரியும், கணக்குப் போட்டால்தான் பல்லை இளிக்கும். இரண்டு கையாலும் ஒரே பெரிய வாளைப் பிடித்து ஒரே வெட்டாக வெட்டுகிறவனுக்குத்தான் வெட்டு ஆழம். இரட்டைக் கத்திக்காரனுடைய இடது கை சும்மா வீசும். அதில் தோள் பலம் சேராது, தனியாகப் பயிற்சி எடுத்தால்தான் சேரும். அந்தப் பயிற்சியைத் தாளில் புது ஆளுக்கு எழுதியாகிவிட்டது. பலத்தைக் குறைத்து வேகத்தை ஏற்றியாகிவிட்டது. கனமான கவசத்தைக் கழற்றித் தோல் கவசம் மாட்டியாகிவிட்டது. பிறகு இந்தக் கொசுறு. ஆட்டத்தில் ஒருவன் முறை வரும்போது அவன் ஒரு பெரிய காரியம் செய்யலாம், கூடவே ஒரு சின்னக் காரியம். அந்தச் சின்னதுக்குக் கொசுறு என்று பேர் வைத்தது பிரகலாதன், காய்கறிக்காரம்மா கடைசியில் நாலு கறிவேப்பிலை போடுவதுபோல என்று. இடது கைக் குத்து கொசுறில்தான் வரும். அதாவது வலது கை வெட்டுகிறது, அது பட்டாலும் படாவிட்டாலும் கூடவே இடது கை ஒரு குத்து. ஒன்று தவறினாலும் இன்னொன்று இருக்கிறது. இந்த வாக்கியம் நேற்றிலிருந்து அவனைப் பிடித்துக்கொண்டிருந்தது. மறைமலைநகர் ஆலையில் வெல்டிங் தப்பு இருக்கிறதா என்று குழாய் முனைகளைப் பார்த்துப் பார்த்து ஒதுக்குகிற வேலை அவனுக்கு. காதில் பஞ்சு, கையில் அளவுகோல், சரியானது இந்தப் பக்கம், தப்பானது அந்தப் பக்கம். பேசவேண்டிய அவசியமே கிடையாது. அங்கே அவனுக்கு கியூசி சார் என்று பேர். வீட்டுக்காரருக்கு மாடி போர்ஷன். மளிகைக்கடையில் அண்ணே. வரதா என்று ஒரு மனித வாய் கூப்பிடுவது வாரத்தில் ஒரு நாள், ஒரு மேஜையில்தான். அந்த ஒன்று தவறினால் இன்னொன்று என்று எதுவும் அவனிடம் இல்லை. ரயில் கூடுவாஞ்சேரியில் நின்றபோது குறுவாள் என்று எழுதினான். எழுத்து கோணவில்லை.

வேங்கையன் செத்தது போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு. ஒரு நிலவறை, ஒரே ஒரு வாசல், உள்ளேயிருந்து எதுவெல்லாமோ வந்தது. மற்ற இரண்டு பேரும் ஏணி வழியாக மேலே ஏறவேண்டும், அதுவரை வாசலில் ஒருத்தன் நிற்கவேண்டும். யார் என்று கேள்வியே எழவில்லை. ஃபெலிக்ஸ் கேட்கக்கூட இல்லை, கலிவரதனுடைய சின்ன மரப்பொம்மையை எடுத்து வாசலில் வைத்துவிட்டு "அடுத்து?" என்றான். நின்றான். உயிர்க்கணக்கு பென்சிலில் குறைந்துகொண்டே வந்தது. ஷம்ஷாத் ஏறிவிட்டாள், பிரகலாதன் ஏறிவிட்டான், பகடை விழுந்தது, வேங்கையன் சரிந்தான். "கடைசியா ஏதாவது சொல்றியாடா?" என்று ஃபெலிக்ஸ் கேட்டான். சொல்வதற்கு எவ்வளவோ இருந்த மாதிரி இருந்தது, வாயைத் திறந்தால் "ஒண்ணுமில்ல" என்றுதான் வந்தது. "செமண்ணா, மாஸ் சாவு" என்றான் பிரகலாதன். அப்புறம் அவர்கள் வழக்கப்படி செத்தவன் சாமான்களைப் பங்கு போட்டார்கள். கயிறு யாருக்கு, செருப்பு யாருக்கு. அவன் அங்கேயே உட்கார்ந்து பக்கோடா தின்றுகொண்டிருந்தான், அவன் கண்ணெதிரே அவன் செருப்பைப் பங்கு போட்டார்கள். சிரித்தான். சிரிக்கத்தானே வேண்டும், விளையாட்டல்லவா. ஷம்ஷாத் மட்டும் எனக்கு ஒண்ணும் வேணாம் என்றாள். அது துக்கமா, இல்லை அந்தச் சாமான்கள் லாயக்கில்லை என்பதா என்று அவன் இரண்டு வாரமாக யோசித்து முடிவுக்கு வரவில்லை. செத்தவனுக்கு ஒரு வாரம் தீட்டு. ஃபெலிக்ஸ் வேடிக்கையாக ஆரம்பித்து சட்டமாகிப்போன விஷயம். ஆள் செத்தால் அடுத்த ஞாயிறு அவன் வரக்கூடாது, வீட்டில் உட்கார்ந்து புது ஆளை உருவாக்கவேண்டும். போன ஞாயிறு கலிவரதன் தீட்டு காத்தான். காலையில் துணி துவைத்தான். மத்தியானம் படுத்தான், தூக்கம் வரவில்லை. மொட்டை மாடியில் துணி காய்ந்துவிட்டதா என்று பார்த்தான், காய்ந்திருந்தது, மடிக்காமல் விட்டான், மடித்துவிட்டால் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சாது. சாயங்காலம் குரூப்பில் ஒரு போட்டோ வந்தது: மேஜை, பிரியாணிப் பொட்டலங்கள், மூன்று கைகள், கீழே ஒரு சிரிப்புப் பொம்மை. மூன்று கை போதுமானதாக இருந்தது போட்டோவில். யாருமில்லாத இடம் என்று எதுவும் தெரியவில்லை. அன்றைக்கு அவன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதைப் படுக்கப்போகும்போதுதான் கவனித்தான்; குரல் இருக்கிறதா என்று பார்க்க வரதன், வரதன் என்று சொல்லிப் பார்த்தான், தொண்டை கரகரத்தது, வெட்கமாகிப் போய் விளக்கை அணைத்தான்.

நேற்று ஃபெலிக்ஸிடமிருந்து செய்தி. "வா. புது ஆளை ரெடி பண்ணிக்கோ." வா, அதற்குப் பிறகு ஒரு புள்ளி. ஃபெலிக்ஸ் புள்ளி வைக்கிற ஆள் இல்லை. ஒரு பாரா எழுதினால்கூட மூச்சு விடாமல் எழுதுவான். புள்ளி வைத்தால் என்ன அர்த்தம்? வா என்று கூப்பிடுகிறானா, வந்தால் வா என்கிறானா, வராமலிருந்தால் நன்றாக இருக்காதே என்பதற்காக வா என்கிறானா. வாடா என்று இருந்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஒரு டா குறைந்ததற்கு ஒரு மனிதன் ஒரு ராத்திரி முழுக்கப் புரளலாமா என்று கேட்டால், புரளலாம், கேட்கிறவர்களுக்குக் கூப்பிட நாலு பேர் இருக்கிறார்கள். புள்ளியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அதற்கப்புறம் இருக்கிறது அந்தக் கேள்வி. புது ஆள் ஒருவன் கதைக்குள் வரும்போது ஃபெலிக்ஸ் எல்லோரையும் சுற்றிப் பார்த்துக் கேட்பான்: "இவனை உங்கள்ல யாருக்குத் தெரியும்?" யாராவது ஒருவர் எனக்குத் தெரியும் என்று சொல்லி, எப்படித் தெரியும் என்று ஒரு கதை கட்டவேண்டும். அப்போதுதான் புது ஆள் சத்திரத்துக்குள் வந்து அவர்களோடு உட்காரலாம். யாரும் சொல்லாவிட்டால் வெளியிலேயே நிற்கவேண்டியதுதான். பிரகலாதன் முதல் நாள் வந்தபோது கலிவரதன்தான் எனக்குத் தெரியும் என்றான், மேஜையில் அவன் தானாக வாயைத் திறந்த சில தருணங்களில் ஒன்று. ஒருமுறை ஃபெலிக்ஸின் ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார், நல்ல மனுஷர், வில்லாளி. கேள்வி கேட்டபோது எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், நீ சொல்லுவாய் என்று நான், நான் சொல்லுவேன் என்று நீ. அந்த வில்லாளி சத்திரத்து வாசலில் மழையில் நின்றார், சாயங்காலம் முழுக்க. சிரித்துக்கொண்டேதான் நின்றார். அடுத்த வாரம் வேலை இருக்கிறது என்றார், அதற்கடுத்த வாரம் அதையும் சொல்லவில்லை. அவர் பேர் என்ன? கலிவரதனுக்கு ஞாபகம் வரவில்லை. பெருங்களத்தூர் வரை யோசித்தும் வரவில்லை. அதனால்தான் இந்தக் கத்திகள். வாசலில் நின்றவனை மறக்கலாம். ஒரு முறைக்கு இரண்டு தரம் வெட்டுகிறவனை எப்படி மறப்பார்கள்? அப்படி ஒருத்தனைப் பார்த்தால் எனக்குத் தெரியும் என்று யாருக்கும் சொல்லத் தோன்றும். சொல்லுவார்கள். சொல்லுவார்கள் என்றுதான் வைத்துக்கொள்ளவேண்டும்.

"ஜாதகமா தம்பி?" என்றது பக்கத்துக் குரல். கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்புகிற அம்மாள், மடியில் தாம்பூலப் பை, தலையில் வாடத் தொடங்கிய மல்லிகை. எதிர் இருக்கையில் அவர் வீட்டுக்காரர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் கட்டம் கட்டமாக எண்கள் போட்ட தாளைக் கழுத்தை நீட்டிப் பார்த்தார். இல்லை என்று சொன்னால் விளக்கவேண்டி வரும். "ஆமாம்மா" என்றான். "பொண்ணுக்கா, பையனுக்கா?" "பையனுக்கு." "உங்க பையனா?" "மாதிரிதான்." அவர் அதை அண்ணன் மகன் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது, தலையாட்டினார். "கட்டம் எப்படி?" "பரவால்லம்மா. இடது பக்கம்தான் கொஞ்சம் பலவீனம்." "அதெல்லாம் ஒரு பரிகாரம் பண்ணா சரியாப் போயிரும். எங்க மாப்பிள்ளைக்கு இல்லாத தோஷமா? இப்ப ராஜாவாட்டம் இருக்காரு. பேரு என்ன பையனுக்கு?" கலிவரதன் திகைத்தான். பேர் வைக்கவில்லை. வேகம் எவ்வளவு, எட்டு வைத்தால் எவ்வளவு தூரம், இருட்டில் கண் தெரியுமா தெரியாதா, எல்லாம் எழுதியாகிவிட்டது, தாளின் தலைப்பில் பேருக்கு விட்ட கோடு மட்டும் காலி. "சேந்தன்" என்றான், எங்கிருந்து வந்ததோ. "முருகன் பேரு! நல்லா இருக்கு. கூடப் பொறந்தவங்க?" "ஒரு அண்ணன் இருந்தாரு. தவறிட்டாரு." "ஐயோ பாவமே" என்று அந்த அம்மாள் உண்மையாகவே நெஞ்சில் கை வைத்தார். "அப்ப அவனுக்குன்னு யாரு இருக்கா?" பொய் சொல்ல ஆரம்பித்த கலிவரதன் பொய்யிலேயே மாட்டிக்கொண்டு, பையனுக்கு நிஜமாகவே யாராவது இருக்கிறார்களா என்று தாளில் தேடிக்கொண்டிருந்தான். தாம்பரத்தில் அவர் கணவரைத் தட்டி எழுப்பிக்கொண்டு இறங்கினார். இறங்கும்போது பையிலிருந்து ஒரு லட்டு எடுத்து அவன் கையில் வைத்து, "பையனுக்கு நல்லபடியா அமையும் பாருங்க" என்றார். அன்றைக்கு அவனிடம் பேசிய முதல் ஆள் அவர்தான். ஒரு கையில் லட்டும் ஒரு கையில் பென்சிலுமாக எதையும் எழுத முடியாமல் சானடோரியம் வரை இருந்தான், அப்புறம் தின்றான்.

கை காலியானதும் தாளில் சேந்தன் என்று எழுதிவிட்டு மேலிருந்து கீழே ஒருமுறை படித்தான். படித்தவனுக்கு குரோம்பேட்டையில் சுருக்கென்றது. தப்பு. அரிச்சுவடித் தப்பு. இடது கைக் குத்து கொசுறு. சரி. காயம் பட்டால் மூச்சு பிடித்துக் கொஞ்சம் தேறுகிற வித்தை எடுத்திருந்தான், அதுவும் கொசுறு. எதிரியைக் குறி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு வெட்டுக்கும் ஆழம் கூடுகிற வித்தை, அதுவும் கொசுறு. சட்டென்று பின்வாங்கி நகர்கிற வித்தை, கொசுறு. நல்லது நல்லது என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்ததெல்லாம் ஒரே கொத்துக் கறிவேப்பிலையில் போய் நிற்கிறது. ஒரு முறைக்கு ஒரு கொசுறுதான். ஒன்றைச் செய்தால் மற்றதெல்லாம் சும்மா தாளில் அழகுக்குக் கிடக்கும். புதிதாக இரட்டைக் கத்தி எடுக்கிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது; பிரகலாதனுக்கு இவனே இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறான். ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க. யோசித்துப் பார்த்தால் அவன் பிழைப்பே அப்படித்தான் ஓடியது. பேசுவது, சிரிப்பது, யாரையாவது கேலி செய்வது, மழை வருமா என்று கேட்பது, உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிக்கொள்வது, எல்லாவற்றையும் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கென்று சேர்த்து வைத்திருப்பான். போய் உட்கார்ந்தால் ஒன்றுதான் வெளியே வரும், பெரும்பாலும் ம் என்று வரும். கோமளா சொன்னதும் அதைத்தானே. இரண்டு வருஷம் அவனோடு குடித்தனம் நடத்திவிட்டு, சண்டை கிண்டை எதுவுமில்லாமல் ஒரு நாள் காபி டம்ளரை வைத்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க வீட்ல இருக்கீங்களா இல்லையான்னே எனக்குத் தெரிய மாட்டேங்குதுங்க." அவன் ஹாலில்தான் இருந்தான். இதோ இருக்கேனே என்றான். அவள் அழுதாள். அவளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, இப்போது வேலூரில் நன்றாக இருக்கிறாள், இரண்டு குழந்தைகள், நன்றாக இருக்கட்டும். அன்றைக்கும் அவன் வாசல் பக்கத்தில்தான் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தான், தெருவிலிருந்து எதுவும் உள்ளே வந்துவிடாமல் காவல் காக்கிறவன்போல. தெருவிலிருந்து எதுவும் வரவும் இல்லை.

அழித்தான். குறி வைக்கிற வித்தை போயிற்று. பின்வாங்குகிற வித்தை போயிற்று. மூச்சு பிடிக்கிறதை ஆபத்துக்கு இருக்கட்டும் என்று விட்டான். கொசுறு இடது கைக்கு மட்டும். பல்லாவரம், திரிசூலம், வலது பக்கம் பாறை மலை, இடது பக்கம் விமானநிலையத்தின் நீளமான சுவர். தாள் இப்போது மெலிந்து, சுத்தமாக, பார்க்கவே கூர்மையாக இருந்தது. வலது ஒன்று, இடது ஒன்று, அவ்வளவுதான் அவன் தொழில். கணக்குப் போட்டான். உண்மையிலேயே நன்றாக வந்தது. பெரிய வாள்காரனை எட்டிப் பிடித்துவிட்டது, ஒரு நல்ல நாளில் தாண்டவும் செய்யும். அவனுக்கே கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டான். அப்புறம் மற்ற கணக்கைப் போட்டான், அடி வாங்குகிற கணக்கை. தோல் கவசம், கேடயம் கிடையாது. எதிரே ஒன்று நின்றால் சமாளிப்பான். மூன்று நின்றால் இரண்டாவது முறை அவனுக்கு வரவே வராது. எத்தனை விதமாகப் போட்டாலும் அதே விடைதான். இரட்டைக் கத்திக்காரன் நிற்கிற ஆள் இல்லை. புகுந்து வெட்டிவிட்டு ஒதுங்குகிற ஆள். ஒதுங்கவேண்டுமென்றால் ஒதுங்குவதற்கு ஒரு முதுகு வேண்டும். யாராவது ஒருத்தர் முன்னே நின்றால்தான் இவன் கத்திக்கு வேலை. கிண்டியில் ரயில் நின்றது, திமுதிமுவென்று ஆட்கள் ஏறினார்கள். யார் நிற்பார்கள்? வைத்தியச்சியா, மந்திரவாதியா? நிற்கிற ஆள் செத்துப்போய் அவன் செருப்பையும் பங்கு போட்டாகிவிட்டது. எனக்காக யாராவது கொஞ்சம் முன்னாடி நில்லுங்கள் என்று கேட்கவேண்டும். கேட்பதா? அவன் ஜன்மத்தில் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. கேட்டு இல்லை என்று சொல்லிவிட்டால் அந்த இல்லையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாததால் கேட்டதில்லை. ஆகவே ரப்பரைச் சட்டைப் பையில் மேலாக, எடுக்கத் தோதாக வைத்துக்கொண்டான். முகம் சுளித்தால் அழித்துவிடலாம். கதவு எங்கே என்று யாராவது கேட்டால் இதோ என்று எழுதிவிடலாம். கேடயத்தின் தடமும் தாளில் இருக்கவே இருக்கிறது, அதன்மேலேயே ஓட்டினால் போயிற்று. மாம்பலத்தில் பாதிக் கூட்டம் இறங்கியது. கோடம்பாக்கத்தில் அவன் இறங்கினான்.

ஃபெலிக்ஸின் வீட்டு மேஜை நன்றாகத் துடைத்து வைத்திருந்தது. பிரகலாதன் போனைப் பார்த்துக்கொண்டே "வாங்கண்ணா" என்றான். ஷம்ஷாத் வெங்காய பக்கோடாவைத் தட்டில் கொட்டிக்கொண்டிருந்தாள்; மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்று பேசிப் பேசி அவளுக்குக் குரல் எப்போதும் கொஞ்சம் கம்மியிருக்கும். "உக்காரு வரதா" என்றாள், அவன் எப்போதும் உட்காருகிற நாற்காலியைக் காலால் தள்ளினாள். அவன் உட்கார்ந்து தாளைக் கவிழ்த்து வைத்தான். ஃபெலிக்ஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். சத்திரம். சாயங்காலம். வெளியே தூறல். நாளைக்கு விடிந்ததும் மலைக்கோட்டைக்குள் போகவேண்டும், போனால் குறுகின வாசல்கள், ஒவ்வொன்றாகத் தாண்டவேண்டும். "இப்ப ஒருத்தன் உள்ள வரான். பேரு?"

"சேந்தன்."

"சேந்தன். ஈரத்தோட வாசப்படியில நிக்கிறான்." ஃபெலிக்ஸ் சுற்றிப் பார்த்தான். "இவனை உங்கள்ல யாருக்குத் தெரியும்?"

பிரகலாதன் ஷம்ஷாத்தைப் பார்த்தான். ஷம்ஷாத்தின் வாய் நிறைய பக்கோடா. நீ சொல்லுவாய் என்று நான். பரவாயில்லை, வெளியூர்க்காரன் என்றே வைத்துக்கொள்ளலாம், நான் வெளியிலேயே நிற்கிறேன் என்று சொல்ல ஒரு வாக்கியம்கூடக் கலிவரதன் ரயிலிலேயே தயார் செய்து வைத்திருந்தான், அதைச் சொல்ல வாயைத் திறந்தான்.

"இரு, இரு" என்று ஷம்ஷாத் கையைத் தூக்கினாள். மென்று விழுங்கினாள், தண்ணீர் குடித்தாள். "எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"எங்க தெருக்காரன். சின்ன வயசுலேர்ந்து தெரியும். வாயைத் திறக்க மாட்டான், ஆனா ஆளு தங்கம். உள்ள வா சேந்தா, ஏன் நனையற."

கலிவரதன் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். தாளைத் திருப்பினான். பிரகலாதன் எட்டிப் பார்த்தான். "ண்ணா, கேடயம் எங்கண்ணா?"

"இல்ல. ரெண்டு கத்தி."

"ரெண்டு கத்தியா!" பிரகலாதன் கண் விரிந்தது, பிறகு சுருங்கியது. "அப்ப கதவுல யாருண்ணா நிக்கிறது? நாளைக்குப் பூரா வாசல்தானே?"

"அதான் நானும் பாக்கறேன்" என்றான் ஃபெலிக்ஸ், தாளை விரலால் தட்டி. "பென்சில்லதானடா எழுதியிருக்க? வேணும்னா இப்பவே மாத்திக்கோ. ஒண்ணும் அவசரமில்ல."

"ம்" என்றான் கலிவரதன். கை சட்டைப் பைக்குப் போயிற்று, ரப்பரை எடுத்தது, குறுவாள்மேல் வைத்தது. வலிக்கவில்லை. வலிக்கும் என்று நினைத்திருந்தான்.

"அழிக்காத" என்றாள் ஷம்ஷாத்.

அவன் நிமிர்ந்தான்.

"கதவுல நான் நிக்கிறேன்."

"அக்கா, நீங்க வைத்தியம் பாக்கறவங்க" என்று பிரகலாதன் சிரித்தான். "ரெண்டு அடி தாங்க மாட்டீங்க."

"தாங்கற வரைக்கும் தாங்கறேன், அப்புறம் நீ வந்து நில்லு. என்ன இப்ப?" அவள் சிரிக்கவில்லை. மேஜைக்கு நடுவில் கையை நீட்டித் தன் மரப்பொம்மையை எடுத்து முன்னால், கோட்டை வாசல் என்று போட்டிருந்த கோட்டின்மேல் வைத்தாள். "மூணு வருஷமா நான் இவன் முதுகைத்தான் பாத்துட்டிருக்கேன். ஒரு தடவையாவது இவன் அடிக்கறதைப் பாக்கணும் எனக்கு."

ஃபெலிக்ஸ் பகடையை அவன் பக்கம் உருட்டிவிட்டு, "விடிஞ்சாச்சு, முதல் வாசல். சொல்லுடா வரதா, என்ன பண்ற?" என்றான். கலிவரதன் பகடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறந்தால் அழுதுவிடுவான் என்று அவனுக்குத் தெரிந்தது, அதனால் இன்னும் கொஞ்ச நேரம் எல்லோரும் காத்திருந்தார்கள்.